லோடு கொடுத்தபின் என் திரையில் ஒன்றுமே வரவில்லை: இசட்/விஎம் எந்தக் கன்சோலைத் தேடிப் போகிறது?

இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிறு அதிகாலை நடந்த ஒன்று இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நிம்மதியாக இருக்கும்.

எங்களிடம் ஐபிஎம் மெயின்ஃபிரேமின் ஒரு எல்பாரில் (இயந்திரத்தின் ஒரு பிரிவு) இசட்/விஎம் 7.2 ஓடுகிறது. ஒரே இயந்திரத்தில் பல சிஸ்டங்களை ஓட்டும் மென்பொருள் அது. அதன்மேல் பதினோரு லினக்ஸ் கெஸ்ட்டுகள் (மெய்நிகர் இயந்திரங்கள்). சிஸ்டத்தை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தால் ஆபரேட்டர் ஐடியிலிருந்து ‘ஷட்டவுன் ரீஐபிஎல்’ கொடுப்பதுதான் எங்கள் வழக்கம் (ஐபிஎல் என்றால் சிஸ்டத்தை டிஸ்க்கிலிருந்து ஏற்றி எழுப்புவது). தானே இறங்கும், தானே எழும்பும், நடுவில் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் இந்த வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அத்தனை முறையும் அப்படியேதான் நடந்திருக்கிறது.

இந்த முறை வன்பொருள் வேலைக்காக இயந்திரத்தின் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். அதனால் வெறும் ‘ஷட்டவுன்’ மட்டும் கொடுத்து இறக்கினேன். மின்சாரம் வந்தபிறகு எச்எம்சியில் (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் தனிக் கணினி) போய் லோடு, அதாவது ஐபிஎல், கொடுக்க வேண்டிய நிலை. நான் உட்கார்ந்திருந்தது 0021 கன்சோலில், அதாவது ஓஎஸ்ஏ-ஐசிசிக்குப் (கன்சோல்களை நெட்வொர்க் வழியாக இணைக்கும் அட்டை) போகும் ஒரு டிஎன்3270 (டெர்மினல் எமுலேட்டர்) செஷனில். ஆகவே லோடு பேராமீட்டரில் 0021 என்றே போட்டேன்.

எஸ்ஏபிஎல் (இசட்/விஎம்மின் மையமான சிபியை ஏற்றிவிடும் சிறு நிரல்) திரை சரியாக என் 0021-இல்தான் வந்தது. மாட்யூல் பெயர் சிபிலோடு, கீழே ஐபிஎல் பேராமீட்டர்கள், எல்லாம் எதிர்பார்த்தபடி. எஃப்10 அழுத்தினேன். திரை துடைத்தாற்போல் ஆனது. அதோடு சரி.

அப்போது மணி 2.10. டிஸ்க் நிறைய இருப்பதால் நேரம் எடுக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். 2.35 வரை ஓர் எழுத்துகூட வரவில்லை. எச்எம்சியில் எல்பாரின் நிலை ‘ஆபரேட்டிங்’ என்றே காட்டியது. டிஸேபிள்டு வெயிட் (சிஸ்டம் முழுதாக நின்றுபோன நிலை) என்று எந்த எச்சரிக்கையும் இல்லை. ‘ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ்’ சாளரத்தைத் திறந்தேன், அதுவும் காலி. வேறு வழி தெரியாமல் மறுபடியும் லோடு கொடுத்தேன். அச்சு அசலாக அதே கதை.

கடைசியில் எங்கள் மூத்தவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். எச்எம்சியில் ‘இன்டகிரேட்டட் 3270 கன்சோல்’ சாளரத்தை முதலில் திறந்து வைக்கச் சொன்னார். பிறகு லோடு கொடுத்து, எஸ்ஏபிஎல் திரையில் ஐபிஎல் பேராமீட்டர் வரியின் கடைசியில் ‘கான்ஸ்=சிஸ்ஜி’ என்று சேர்த்து எஃப்10 அழுத்தச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எப்படி எழும்ப வேண்டும் என்று கேட்கும் ஸ்டார்ட் கேள்வி அங்கே வந்து நின்றது. ‘வார்ம்’ என்று அடித்தேன். எல்லாம் எழும்பியது, ஸ்பூல் ஃபைல்களும் (அச்சுக்கும் பரிமாற்றத்துக்கும் சிஸ்டம் சேர்த்து வைத்திருப்பவை) பத்திரமாக இருந்தன.

சிபி எழும்பும்போது படிக்கும் எங்கள் சிஸ்டம் கான்ஃபிக் ஃபைலில் கன்சோல்களைச் சொல்லும் வரி இது:

ஆபரேட்டர்_கன்சோல்ஸ் 0020 0021 0022 0023 ,
    சிஸ்டம்_3270 சிஸ்டம்_கன்சோல்

0021 பட்டியலில் இருக்கிறது. லோடு பேராமீட்டரிலும் அதையே கொடுத்தேன், எஸ்ஏபிஎல்லும் அங்கேதான் வந்தது. பிறகு ஏன் சிபி அங்கே வரவில்லை? இன்னொன்றும் உறுத்துகிறது. முதல் லோடு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தலையில் இரண்டாவது லோடு கொடுத்துவிட்டேனே, அதனால் ஏதும் கெட்டிருக்குமா?

---

ஐசிசி_கவனம் எழுதியது:

பதில் உங்கள் பட்டியலின் முதல் எண்ணில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 0020-இல் யாருடைய செஷனாவது தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எச்எம்சியில் ‘ஓஎஸ்ஏ அட்வான்ஸ்டு ஃபெசிலிட்டீஸ்’ பணிக்குள் போய், அந்த ஓஎஸ்சி (ஐசிசி) சேனலைத் தேர்ந்தெடுத்தால், எந்தச் செஷன் எந்த ஐபி முகவரியிலிருந்து இணைந்திருக்கிறது என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள், மேலே பேசலாம்.

---

இரவுப்பணி எழுதியது:

பார்த்தேன். உண்மைதான், 0020 இணைந்த நிலையில் இருந்தது. அந்த ஐபி முகவரியைத் தேடிப்பிடிக்க அரை நாள் ஆனது. பழைய ஆபரேட்டர் அறை என்று ஒன்று எங்களிடம் உண்டு, இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைக்கும் இடமாகிவிட்டது. அதன் மூலையில் ஒரு கம்ப்யூட்டர். மானிட்டர் அணைந்திருந்தது, ஆனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரைப் போட்டதும் எதிரே விஎம் லோகோ. இணைப்பு அறுந்தால் தானாக மறுபடி இணைந்துகொள்ளும்படி எமுலேட்டரை யாரோ எப்போதோ அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆக, நான் 0021-இன் முன்னால் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்த அந்த 25 நிமிஷமும் கேள்வி அந்த இருட்டு அறையில்தான் நின்றிருக்கிறது. இதை நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்று இன்னும் புரியவில்லை. நான்தான் 0021 என்று சொல்லியிருந்தேனே?

---

பழையமுனையம் எழுதியது:

தம்பி, நீங்கள் 0021 என்று சொன்னது எஸ்ஏபிஎல்லிடம். சிபியிடம் சொல்லவில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு ஆட்கள் என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

எச்எம்சியின் லோடு பேராமீட்டரில் நீங்கள் போடும் முகவரி, எஸ்ஏபிஎல் தன் திரையை எங்கே காட்ட வேண்டும் என்பதற்கு மட்டும். எஃப்10 அழுத்தியதும் அது சிபி மாட்யூலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பிறகு வரும் சிபிக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியாது. ஐபிஎல் பேராமீட்டரில் ‘கான்ஸ்=’ என்று ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கும். சொல்லவில்லையென்றால் சிஸ்டம் கான்ஃபிக்கில் உள்ள ஆபரேட்டர்_கன்சோல்ஸ் பட்டியலை இடமிருந்து வலமாக எடுத்துக்கொண்டு, எந்தச் சாதனம் முதலில் உயிரோடு இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடும். உங்களுடையதில் 0020 உயிரோடு இருந்தது. அங்கேயே தேடலை முடித்துக்கொண்டது. 0021 பக்கம் திரும்பியே பார்த்திருக்காது.

‘உயிரோடு’ என்றால் அந்தச் சாதனம் கேட்டதற்குப் பதில் சொல்கிறது என்றுதான் பொருள். முன்னால் ஆள் இருக்கிறாரா, மானிட்டர் எரிகிறதா, அறை பூட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஓஎஸ்ஏ-ஐசிசியில் ஒரு டிஎன்3270 செஷன் இணைந்திருந்தாலே அந்த முகவரி தயார். இணைந்திருக்கவில்லையென்றால் தயாரில்லை, அடுத்த எண்ணுக்குப் போ. அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பழைய கம்ப்யூட்டரை யாராவது அணைத்து வைத்திருந்தால் உங்கள் 0021-இலேயே வந்திருக்கும், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நாலு வருஷமாக ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். ‘ஷட்டவுன் ரீஐபிஎல்’ கொடுத்தால் சிபி கேள்வி கேட்காமல் தானாகவே வார்ம் ஸ்டார்ட் செய்துகொள்ளும். அப்போதும் கன்சோல் தேர்வு நடக்கத்தான் செய்யும், ஆனால் பதில் சொல்ல ஆள் தேவைப்படாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எச்எம்சியிலிருந்து புதிதாக லோடு கொடுக்கும்போதுதான் சிபி வாயைத் திறந்து கேட்கிறது: வார்மா, ஃபோர்ஸா, கோல்டா, க்ளீனா (வார்ம் ஸ்பூலை அப்படியே காப்பாற்றும், ஃபோர்ஸ் முடிந்ததை மீட்கும், மற்ற இரண்டும் அழிக்கும்)? கடிகாரத்தை மாற்ற வேண்டுமா? பதில் வரும்வரை எத்தனை மணி நேரமானாலும் நிற்கும். அது தொங்கிப்போகவில்லை, காத்திருக்கிறது. அதனால்தான் எச்எம்சியில் ‘ஆபரேட்டிங்’ என்று காட்டியது. உங்கள் இரண்டாவது லோடைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முதல் முறை கேள்விக்கு யாரும் பதிலே சொல்லவில்லை, எந்த வகை ஸ்டார்ட் என்றே முடிவாகாத நிலை. பிறகு வார்ம் சரியாக வந்து ஸ்பூலும் இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்காக. அந்த 25 நிமிஷத்தில் அட்டைப்பெட்டி எடுக்க யாராவது அந்த அறைக்குள் போய், மானிட்டரைப் போட்டு, எதிரே நிற்கும் கேள்வியைப் பார்த்து ‘கோல்ட்’ என்று அடித்திருந்தால்? ஸ்பூல் ஃபைல்கள் மொத்தமும் போயிருக்கும். ‘க்ளீன்’ என்றால் அதோடு சிஸ்டம் டேட்டா ஃபைல்களும் போகும். சேமித்து வைத்த என்எஸ்எஸ் (பெயரிட்டுச் சேமித்த சிஸ்டங்கள்), டிசிஎஸ்எஸ் (பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பகுதிகள்) எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பிறகு ‘ஐபிஎல் சிஎம்எஸ்’ (விஎம்மின் பயனர் சூழல்) என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, 190 டிஸ்க்கிலிருந்து எழுப்பி ஒவ்வொன்றாகச் சேமித்துக்கொண்டு வர வேண்டும். அதைவிட முக்கியம், ஐபிஎல் முடிந்ததும் அந்தக் கன்சோலிலேயே ஆபரேட்டர் ஐடி லாகான் ஆகி நிற்கும். பாஸ்வேர்டு கேட்காது. கிளாஸ் ஏ அதிகாரம் (சிஸ்டத்தையே இறக்கும் உரிமை) பூட்டாத அறையில் ஒரு கீபோர்டுக்குப் பின்னால் கிடக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஆபரேட்டர்_கன்சோல்ஸ் வரியை நான் வீட்டுச் சாவி மாதிரிதான் பார்ப்பேன். அதில் ஒரு எண்ணைச் சேர்க்கிறேன் என்றால் அந்த எண் எந்த அறையில், எந்த மேசையில் இருக்கிறது, யார் அதைத் தொடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வரியில் உள்ள 0020 முதல் 0023 வரை உங்கள் இடத்துக்காக யோசித்து எழுதியவையாகத் தெரியவில்லை. ஐபிஎம் தரும் மாதிரி ஃபைலிலேயே அந்த எண்கள்தான் இருக்கும். பல இடங்களில் நிறுவியவர் அதை மாற்றாமல் விட்டு, ஐஓசிடிஎஸ்ஸை (இயந்திரத்தின் சாதன முகவரிப் பட்டியல்) அதற்கேற்ப அமைத்துக்கொண்டிருப்பார். தப்பில்லை. ஆனால் வரிசையை மட்டுமாவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

பழைய கதை ஒன்று. நான் தொழில் கற்றது இசட்/விஎம்மின் முன்னோடியான விஎம்/எஸ்பியில். 1972-இல் அறிவித்த விஎம்/370-இலிருந்து வந்த வழக்கமே அதிலும் இருந்தது. கன்சோல் முகவரி டிஎம்கேஆர்ஐஓ என்ற அசெம்பிளர் ஃபைலுக்குள் இருக்கும். அதன் கடைசியில் ஆர்ஐஓஜென் என்ற மேக்ரோ. அதில் ‘கான்ஸ்=’ என்று ஒரு முகவரி, ‘ஆல்ட்கான்ஸ்=’ என்று மாற்று முகவரி. கன்சோலை மாற்ற வேண்டுமென்றால் ஃபைலைத் திருத்தி, அசெம்பிள் செய்து, நியூக்ளியஸையே (சிபியின் மையத்தையே) புதிதாகக் கட்டி டிஸ்க்கில் எழுத வேண்டும். ஒரு எண்ணை மாற்றும் முன் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்ப்போம். சிஸ்டம் கான்ஃபிக் வந்தபிறகு எக்ஸ்எடிட் எடிட்டரில் திறந்து ஒரு வரியை மாற்றினால் போதும் என்றாகிவிட்டது. பெரிய வசதிதான். ஆனால் அந்த இரண்டு பேர் உட்காரும் பழக்கமும் அதோடு போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் நாலு கன்சோலும் ஒரே 3174 கன்ட்ரோலரில் தொங்கின. பட்டியலில் அந்த நாலு எண்களைத் தவிர வேறெதுவும் இல்லை. எழுதியது நான்தான். ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு இயந்திரம் எழும்பியது, கன்ட்ரோலரின் பவர் சப்ளை எழும்பவில்லை. லோடு கொடுத்தோம், சில நொடிகளில் எச்எம்சியில் சிவப்பு. டிஸேபிள்டு வெயிட். பிஎஸ்டபிள்யூவைத் (செயலியின் நிலையைக் காட்டும் பதிவு) திறந்து பார்த்தால் கடைசி நாலு இலக்கம் 1010. பட்டியலில் உள்ள எந்தக் கன்சோலும் கிடைக்கவில்லை என்பதற்கு சிபி சொல்லும் சொல் அது. டிஸ்க்கும் சரி, மெமரியும் சரி, கான்ஃபிக் ஃபைலும் பிழையில்லை. பேச ஒரு வாய் கிடைக்காததால் மட்டும் முழு சிஸ்டமும் நின்றுவிட்டது. லோடு பேராமீட்டரில் ‘சிஸ்ஜி’ போட்டு எஸ்ஏபிஎல்லை எச்எம்சிக்கே வரவழைத்து, ‘கான்ஸ்=சிஸ்ஜி’ சேர்த்து எழுப்பினோம். அன்றிலிருந்து சிஸ்டம்_3270, சிஸ்டம்_கன்சோல் இரண்டும் இல்லாத பட்டியலை நான் எங்கும் விட்டு வைப்பதில்லை.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிஸ்டம்_3270 என்பது எச்எம்சியின் இன்டகிரேட்டட் 3270 சாளரம், ‘கான்ஸ்=’ எழுதும்போது அதன் பெயர் சிஸ்ஜி. முழுத்திரை உண்டு, எக்ஸ்எடிட்டும் போடலாம். சிஸ்டம்_கன்சோல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ் சாளரம், அதன் பெயர் சிஸ்சி. வரி வரியாகத்தான் பேசும், முழுத்திரை வேலை எதுவும் நடக்காது. ‘வார்ம்’ என்று பதில் சொல்லவும், ஓரிரு கட்டளை கொடுக்கவும் போதும். அதைப் பட்டியலின் கடைசியில் வைத்தால் 1010-இல் போய் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எச்எம்சி சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நான் லோடு கொடுப்பேன். உங்கள் மூத்தவரும் அதையே சொல்லியிருக்கிறார், நல்ல பழக்கம்.

எமர்ஜென்சி_மெசேஜ்_கன்சோல்ஸ் என்று இன்னொரு வரியும் இருக்கும். சிபி அபெண்டாகி (பிழையால் திடீரென நின்று) விழும்போது கடைசியாகச் சொல்லும் செய்திகள் போகும் இடம் அது. பட்டியலைத் திருத்தும்போது அதையும் சேர்த்துத் திருத்துங்கள். பலர் மறந்துவிடுகிறார்கள்.

---

பகிர்வட்டு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. எஸ்எஸ்ஐ கிளஸ்டரில் (பல இசட்/விஎம்களை ஒன்றாக இணைத்தது) இருந்தால் எல்லா மெம்பர்களுக்கும் சிஸ்டம் கான்ஃபிக் ஒன்றுதான், பிமெய்ன்ட் ஐடியின் சிஎஃப்0 டிஸ்க்கில் இருக்கும். ஆனால் கன்சோல் முகவரிகள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதற்காக எல்லா எண்களையும் ஒரே வரியில் கொட்டிவிடாதீர்கள். வரியின் முன்னால் சிஸ்டம் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் போட்டால் அந்த வரி அந்த மெம்பருக்கு மட்டும் பொருந்தும். மெம்பருக்கு ஒரு ஆபரேட்டர்_கன்சோல்ஸ் வரி என்று பிரித்து எழுதுங்கள். வேறு இயந்திரத்தில் எழுப்பிப் பார்க்கும் பேரிடர் ஒத்திகைக்கும் இதுதான் வசதி.

---

தானே_எழும் எழுதியது:

பழையமுனையம் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தக் காலத்தில் இரவு 2 மணிக்கு ஒருவரை உட்கார வைத்து ‘வார்ம்’ என்று அடிக்கச் சொல்ல வேண்டுமா என்பதே என் கேள்வி. சிஸ்டம் கான்ஃபிக்கின் ஃபீச்சர்ஸ் வரியில் ஆட்டோ_வார்ம்_ஐபிஎல் என்பதை எனேபிள் பக்கம் மாற்றிவிட்டால் லோடு கொடுக்கும்போதும் கேள்வி வராது. எந்தக் கன்சோலில் வந்து நின்றாலும் நமக்குக் கவலையில்லை. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆட்டோலாக்1 ஐடி எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிறது, ஆபரேட்டர் ஐடி டிஸ்கனெக்ட் ஆகிவிடுகிறது. கன்சோல் பட்டியலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

---

பழையமுனையம் எழுதியது:

ஆட்டோ_வார்ம்_ஐபிஎல்லை நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்ம் ஸ்டார்ட் நல்லபடியாக நடக்கும் நாளில்தான் அது உதவும். வார்ம் ஸ்டார்ட் தரவு கெட்டுப்போயிருந்தால் சிபி மறுபடியும் மனிதரிடம்தான் வந்து நிற்கும். அந்த நாளில் அது கேட்பது ஃபோர்ஸா கோல்டா என்ற கனமான கேள்வி. கேள்வியே வராமல் பழகிய இடத்தில், அது எந்தத் திரையில் வரும் என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தத் தம்பி நாலு வருஷம் ‘ஷட்டவுன் ரீஐபிஎல்’ மட்டுமே பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திண்டாடியது அதனால்தானே?

அதனால் தானியங்கியை வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலையும் சரியாக வையுங்கள். முதலில் பட்டியல், பிறகு தானியங்கி. இந்த வரிசையில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இரவுப்பணி தம்பிக்கு ஒரு பயிற்சி. உங்கள் சிஸ்டத்தின் மேலேயே இரண்டாம் நிலை விஎம் ஒன்றை ஒரு கெஸ்ட்டில் எழுப்புங்கள். அதன் கன்சோலை 0009-இலிருந்து 0021-க்கு மாற்றி, ‘டெர்மினல் கான்மோட் 3270’ கொடுங்கள். பிறகு ‘டிஃபைன் கிராஃப் 0020’, அது ஒரு மெய்நிகர் 3270 டெர்மினல். இன்னொரு டெர்மினலிலிருந்து அந்த கெஸ்ட்டின் 0020-க்கு ‘டயல்’ செய்து (இணைத்து) அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது லோட்பார்ம் (லோடு பேராமீட்டர்) 0021 என்று சொல்லி ஐபிஎல் கொடுங்கள். என்ன நடக்கிறது என்று கண்ணால் பாருங்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐயா சொன்ன பயிற்சியை மறுநாளே செய்தேன். இரண்டு எமுலேட்டர் சாளரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் டயல் செய்த 0020, வலப்பக்கம் என் 0021. ஐபிஎல் கொடுத்ததும் எஸ்ஏபிஎல் வலப்பக்கம் வந்தது. எஃப்10. வலப்பக்கம் துடைத்துப் போனது, அன்றைக்கு நான் பார்த்த அதே வெறுமை. ஓரிரு நொடியில் இடப்பக்கம் வரிகள் ஓட ஆரம்பித்துக் கடைசியில் ஸ்டார்ட் கேள்வி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. பிறகு இடப்பக்க டயலைத் துண்டித்துவிட்டு மறுபடி செய்தேன். இந்த முறை எல்லாமே வலப்பக்கம். பிறகு 0020 இணைந்திருக்கும்போதே ‘கான்ஸ்=0021’ என்று சேர்த்தும் பார்த்தேன், பட்டியலைத் தொடாமல் நேராக 0021-க்கே வந்தது.

அடுத்து உண்மையான ஃபைல். பழைய ஆபரேட்டர் அறையின் 0020-ஐப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். 0022, 0023 இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். 0022 எங்கள் மூத்தவர் மேசைக்கு அமைத்தது, 0023-க்குப் பின்னால் யாருமே இல்லை. இப்போதைய வரி இப்படி இருக்கிறது:

ஆபரேட்டர்_கன்சோல்ஸ் 0021 0022 ,
    சிஸ்டம்_3270 சிஸ்டம்_கன்சோல்

எமர்ஜென்சி_மெசேஜ்_கன்சோல்ஸ் வரியிலும் அதே எண்கள், கடைசியில் சிஸ்டம்_கன்சோல். சேமித்தபிறகு சிபிசின்டாக்ஸ் (கான்ஃபிக் ஃபைலில் பிழை தேடும் கட்டளை) ஓட்டினேன். முதல் தடவை பிழை காட்டியது. முதல் வரியின் கடைசியில் இருந்த காற்புள்ளியை அழித்துவிட்டிருக்கிறேன், அதனால் இரண்டாவது வரியைத் தனி வாக்கியமாக எடுத்துக்கொண்டுவிட்டது. சரிசெய்தபிறகு சுத்தமாக வந்தது. ஆனால் நான் கொடுத்த முகவரியில் கன்சோல் உண்மையிலேயே இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். வேண்டுமென்றே இல்லாத ஒரு முகவரியை எழுதி ஓட்டிப் பார்த்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை.

பழைய ஃபைலை அழிக்கவில்லை. அதே டிஸ்க்கில் ஃபைல்டைப்பை (ஃபைல் பெயரின் இரண்டாம் பகுதி) மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன். புதியது ஏதாவது மக்கர் செய்தால் எஸ்ஏபிஎல் திரையில் ‘எஃப்டி=’ என்ற இடத்தில் பழைய பெயரைக் கொடுத்து எழுப்பிக்கொள்ளலாம்.

நேற்று இரவு பராமரிப்பு நேரத்தில் மூத்தவரிடம் அனுமதி வாங்கி, வேண்டுமென்றே ரீஐபிஎல் இல்லாமல் இறக்கி எச்எம்சியிலிருந்து லோடு கொடுத்தோம். அவர் தன் 0022-இல், நான் 0021-இல், இன்டகிரேட்டட் 3270 சாளரமும் திறந்தபடி. பழைய அறையில் ஒரு நண்பரை நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். எஃப்10 அழுத்தினேன். ‘இங்கே ஒன்றும் வரவில்லை’ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் திரையில் கேள்வி வந்துவிட்டது. ‘வார்ம்’ அடித்தேன். எழும்பியதும் ஆபரேட்டரை டிஸ்கனெக்ட் செய்துவிட்டு, கெஸ்ட்டுகள் பதினொன்றும் வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாக எண்ணினேன்.

ஆட்டோ_வார்ம்_ஐபிஎல்லை இன்னும் தொடவில்லை. அடுத்த இரண்டு பராமரிப்புகளிலும் இதே மாதிரி கையால் எழுப்பிப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பழைய அறையின் கம்ப்யூட்டரை இன்று காலை நானே அணைத்து, எமுலேட்டரை நீக்கிவிட்டேன். ஐசிசி அமைப்பில் அதற்கு இருந்த 0020 செஷனையும் எடுக்கச் சொல்லிக் கோரிக்கை போட்டிருக்கிறேன்.

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.